பி செல் மேக்ரோஃபேஜாக மாறும்போது டி.என்.ஏ. மெத்தில் குறிகள் அசையாமல் இருப்பது எப்படி?

உயிர்நுட்ப மாணவி:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலைக் கருத்தரங்கு ஒன்றுக்காக, ஒரு வகை இரத்த செல் இன்னொரு வகையாக நேரடியாக மாறுவதைப் பற்றிப் படித்து வருகிறேன். எலியின் முன்-பி செல்களில் (எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களின் முதிராத நிலை) சிஇபிபி-ஆல்ஃபா என்னும் ஒரே ஒரு படியெடுத்தல் காரணியை (மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும் புரதம்) செயல்பட வைத்தால், அவை இரண்டு மூன்று நாட்களில் மேக்ரோஃபேஜ்களாக (கிருமிகளை விழுங்கும் செல்கள்) மாறிவிடுகின்றன. இதற்கு உதவும் செல் வரிசையை தாமஸ் கிராஃப் குழுவினர் 2009-இல் வெளியிட்டார்கள். அதே மாற்றத்தை எஸ்தேபான் பல்லெஸ்தார் குழுவினர் கிராஃப் குழுவினரோடு சேர்ந்து எபிஜெனெடிக் நோக்கில், அதாவது டி.என்.ஏ. வரிசை மாறாமல் மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் குறிகளின் நோக்கில், ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவுதான் என்னைத் தடுமாற வைத்தது. பி செல்லுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் இடையே மெத்திலேற்றத்தில் (டி.என்.ஏ.-வில் மெத்தில் என்னும் வேதிக் குறி ஒட்டுவது) வேறுபடும் மரபணுக்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, மாற்றம் நடந்து முடிந்த பிறகும் அவற்றின் மெத்தில் குறிகள் கிட்டத்தட்ட பழைய நிலையிலேயே இருந்தன. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள குறிகளோ மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒட்டி மாறியிருந்தன.

செல்லின் அடையாளத்தை நிலைநிறுத்தும் பூட்டு டி.என்.ஏ. மெத்திலேற்றம்தான் என்று இளநிலை வகுப்பிலிருந்து படித்து வந்திருக்கிறேன். அப்படியானால் பூட்டைத் திறக்காமலே செல் எப்படி மாறியது? மாறியது உண்மையான மேக்ரோஃபேஜ்தானா, அல்லது அதன் தோற்றத்தை மட்டும் பெற்ற பி செல்லா?

குரோமாட்டின் ஆய்வாளர்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் அதற்குத் தெளிவான விடை உண்டு.

கிராஃப் நியூயார்க்கில் இருந்தபோது, 2004-இல் அவருடைய குழு முதிர்ந்த பி செல்களிலேயே இந்த மாற்றத்தைக் காட்டியது. அப்போது எழுந்த முதல் ஐயம், வளர்ப்புக் கலத்தில் முன்பே கலந்திருந்த மேக்ரோஃபேஜ்கள்தான் பெருகிவிட்டனவோ என்பது. அதை விலக்க அவர்கள் இரண்டு சான்றுகளைத் தந்தார்கள். ஒன்று, பி செல்களுக்கே உரிய சிடி19 மரபணு ஒருமுறையேனும் இயங்கிய செல்கள் மட்டும் நிலையாக ஒளிரும்படி அமைத்த எலிகளின் செல்களைப் பயன்படுத்தியது; மாறிய மேக்ரோஃபேஜ்கள் ஒளிர்ந்தன. மற்றொன்று, பி செல் தன் வளர்ச்சியின்போது இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) மரபணுவை வெட்டி ஒட்டி அமைத்துக்கொள்ளும் மறுசீரமைப்பு. டி.என்.ஏ. வரிசையிலேயே நிகழும் அந்த மாற்றம் மீளாதது. மாறிய மேக்ரோஃபேஜ்களில் அது அப்படியே இருந்தது. ஆகவே அவை பி செல்லிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. செயல்பாட்டைப் பொறுத்தவரை, இவை அளவில் பெரிதாகி, பரப்பில் ஒட்டி, துகள்களையும் நுண்ணுயிர்களையும் விழுங்குகின்றன; அழற்சிக்குரிய சைட்டோகைன் என்னும் செய்திப் புரதங்களையும் சுரக்கின்றன.

2009-ஆம் ஆண்டு செல் வரிசையின் சிறப்பு அதன் ஒத்திசைவு. சிஇபிபி-ஆல்ஃபா புரதத்தை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஒரு பகுதியோடு இணைத்து முன்-பி செல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரடயால் சேர்க்கும்வரை அந்தப் புரதம் சைட்டோபிளாசத்தில் காத்திருக்கிறது. சேர்த்தவுடன் உட்கருவுக்குள் செல்கிறது. ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேருவதால், ஒவ்வொரு மணி நேரத்திலும் குரோமாட்டினில் (டி.என்.ஏ.-வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த அமைப்பு) என்ன நடக்கிறது என்பதை மொத்தச் செல்களையும் எடுத்து அளக்கலாம். ஆயிரத்தில் ஒரு செல் மட்டும் மாறும் முறைகளில் அளவீடு என்பது மாறாத 999 செல்களின் அளவீடாகவே இருக்கும். மெத்திலேற்றம் மாறவில்லை என்ற கூற்றுக்கு வலிமை தருவதும் இந்த ஒத்திசைவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குப் பிறகு ஈஸ்ட்ரடயாலை நீக்கிவிட்டாலும் செல்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புதிய அடையாளம் வெளியிலிருந்து வந்த காரணியை நம்பி நிற்கவில்லை. மெத்தில் குறிகள் மாறாமலேயே ஒரு நிலையான அடையாளம் உருவாகியிருக்கிறது என்பதுதான் இங்கே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

பள்ளி உயிரியல் ஆசிரியர்:

மேல்நிலை வகுப்புக்குப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் கேட்கிறேன். மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னால் உள்ள ப்ரோமோட்டர் பகுதியில் சைட்டோசின் என்னும் டி.என்.ஏ. எழுத்துகள் மெத்திலேற்றம் பெற்றிருந்தால் அந்த மரபணு அமைதியாகிவிடும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்கிறோம். இந்த ஆய்வில் மெத்தில் குறி இருக்கும்போதே மரபணு இயங்கியது என்றால், பாடத்தில் உள்ள கூற்று தவறா? அல்லது இந்த மரபணுக்கள் ஏதேனும் தனி வகையைச் சேர்ந்தவையா?

குரோமாட்டின் ஆய்வாளர்:

ஐயா, பாடத்தில் உள்ள கூற்று ஒரு வகை ப்ரோமோட்டருக்கு நன்றாகப் பொருந்துகிறது. சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் சிபிஜி இடங்கள் அடர்த்தியாக உள்ள ப்ரோமோட்டர்கள் மெத்திலேற்றம் பெற்றால் மரபணு உறுதியாக அடங்கிவிடும். எக்ஸ் குரோமோசோம் முடக்கப்படுவதும், புற்றுநோய் செல்களில் கட்டி அடக்கும் மரபணுக்கள் வாயடைத்துப் போவதும் அந்த வகைதான். ஆனால் திசுவுக்கே உரிய மரபணுக்கள் பலவற்றின் ப்ரோமோட்டரில் சிபிஜி இடங்கள் சிதறலாகவே இருக்கின்றன. அங்கே மெத்திலேற்றத்துக்கும் மரபணு வெளிப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு தளர்வானது. மெத்தில் குறி இருந்தும் இயங்கும் மரபணுக்கள் அங்கே உண்டு.

அடுத்ததாக, சிஇபிபி-ஆல்ஃபாவின் இயல்பையே பார்க்க வேண்டும். படியெடுத்தல் காரணிகள் பலவற்றை மெத்தில் குறி விலக்கும் என்றாலும், இந்தக் காரணி அப்படிப்பட்டதன்று. குறிப்பிட்ட சில டி.என்.ஏ. வரிசைகளில் சிபிஜி இடம் மெத்திலேற்றம் பெறும்போதுதான் சிஇபிபி-ஆல்ஃபா வலுவாகப் பிணைகிறது என்பதை 2010-இலேயே வேறொரு குழு காட்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டு ஆய்விலும், மாறிய செல்களில் மெத்திலேற்றம் பெற்ற ப்ரோமோட்டர்களின் மேலேயே சிஇபிபி-ஆல்ஃபாவும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2-ம் அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். கதவில் ‘மூடப்பட்டுள்ளது’ என்ற பலகை தொங்கும்போதே கடைக்குள் வியாபாரம் நடப்பதற்கு இதை ஒப்பிடலாம்.

ஹிஸ்டோன் பக்கம் நடப்பது வேறு. மேக்ரோஃபேஜ் மரபணுக்களில் ஹிஸ்டோன்களின் அசெட்டைல் குறிகளும், இயக்கத்தைக் காட்டும் மெத்தில் குறிகளும் கூடுகின்றன. அடக்கும் குறிகள் குறைகின்றன. பி செல் மரபணுக்களில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. இந்தக் குறிகளை எழுதும் நொதிகளும் அழிக்கும் நொதிகளும் உட்கருவில் எப்போதும் தயாராக உள்ளன. படியெடுத்தல் காரணி எங்கே போய் அமர்கிறதோ அங்கே அவற்றை அழைத்துக்கொள்கிறது. ஆகவே ஹிஸ்டோன் குறிகள் சில மணி நேரத்துக்குள் மாறத் தொடங்குவது இயல்பே.

பி செல் பக்கத்தை அடக்குவதில் இன்னொரு வழியும் உண்டு. பி செல்லின் அடையாளத்தைக் காப்பது பேக்ஸ்5 என்ற காரணி. சிஇபிபி-ஆல்ஃபா அதன் செயலைத் தடுக்கிறது. அதனால் பேக்ஸ்5-ஐ நம்பியிருக்கும் சிடி19 போன்ற மரபணுக்கள் சரிகின்றன. அதே நேரத்தில், பி செல்லில் ஏற்கெனவே உள்ள பியூ.1 என்ற காரணியோடு கைகோத்து, மேக்ரோஃபேஜ் மரபணுக்களைத் தூக்கிவிடுகிறது. பி செல்லில் பியூ.1 இல்லாமலிருந்தால் இந்த மாற்றம் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது என்பது என் கருத்து. பி செல்லும் மேக்ரோஃபேஜும் இரத்தக் குடும்பத்தில் நெருங்கிய உறவுகள் என்பதை இங்கே மறக்கக்கூடாது.

மெத்திலேற்ற ஆய்வக உதவியாளர்:

ஆய்வாளர் ஐயா சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் ‘மெத்தில் குறி அசையவில்லை’ என்ற முடிவை எந்த அளவுக்கு நீட்டலாம் என்பதில் வேறுபடுகிறேன்.

மெத்திலேற்றத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது பைசல்ஃபைட் முறை. டி.என்.ஏ.-வை சோடியம் பைசல்ஃபைட்டோடு வினைபுரியச் செய்தால் வெறும் சைட்டோசின் யுராசிலாக மாறும். மெத்தில் சைட்டோசின் மாறாது. பிறகு வரிசையைப் படித்தால் எது மெத்திலேற்றம் பெற்றிருந்தது என்று தெரிந்துவிடும். இந்த முறையின் குறைபாடு, ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினும் மாறாமலேயே நிற்பதுதான். மெத்தில் சைட்டோசினையும் ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினையும் பைசல்ஃபைட் முறையால் பிரித்தறிய முடியாது. மெத்தில் குறியை ஹைட்ராக்சிமெத்திலாக மாற்றுபவை டெட் குடும்ப நொதிகள் என்பது 2009-இல் வெளிவந்தது. அந்த மாற்றம் நடந்துவிட்ட இடத்தையும் பைசல்ஃபைட் அளவீடு ‘மாற்றம் இல்லை’ என்றே பதிவு செய்யும்.

இது வெறும் கோட்பாட்டு ஐயமன்று. அதே 2012-இல், அதே முன்-பி செல் மாற்றத்தில் டெட்2 என்ன செய்கிறது என்பதை கிராஃப் குழுவே இன்னொரு கட்டுரையில் வெளியிட்டது. சிஇபிபி-ஆல்ஃபா, டெட்2 மரபணுவுக்கு மேற்புறம் உள்ள பகுதிகளில் பிணைந்து அதை இயங்கச் செய்கிறது. டெட்2-இன் அளவைக் குறைத்தபோது மேக்ரோஃபேஜ் அடையாளப் புரதங்கள் உயர்வதும், விழுங்கும் திறனும் பாதிக்கப்பட்டன. குறிப்பிட்ட சிறு தொகுதி மைலாய்டு (மேக்ரோஃபேஜ் உள்ளிட்ட இரத்த செல் கிளை) மரபணுக்கள் வேகமாக எழும்போது, அவற்றின் ப்ரோமோட்டரில் ஹைட்ராக்சிமெத்தில் குறி விரைவாகக் கூடியது. இந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் கருத்தரங்கில் வைப்பது நியாயமாகாது என்று மாணவிக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டும் முரண்படுகின்றனவா என்று கேட்டால், என் விடை இல்லை என்பதே. டெட்2 தேவைப்பட்டது சிறு தொகுதி மரபணுக்களுக்கு. அங்கும் அது செய்தது வேகத்தைக் கூட்டியது. பெரும்பாலான மரபணுக்கள் மெத்தில் குறியைத் தொடாமலே மாறின. ஆகவே ‘மெத்திலேற்றம் முக்கியமில்லை’ என்பதும் மிகை. ‘மெத்தில் நீக்கம் இன்றி மாற்றமில்லை’ என்பதும் மிகை.

உயிர்நுட்ப மாணவி:

இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கிறேன், மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. செல் பிரியும்போது புதிய டி.என்.ஏ. இழையில் மெத்தில் குறி எழுதப்படாமல் விடுபட்டு, தலைமுறைக்குத் தலைமுறை குறி நீர்த்துப்போவது ஒரு வழி என்று படித்தேன். இந்தச் செல்கள் மாறும்போது பிரிகின்றனவா?

குரோமாட்டின் ஆய்வாளர்:

பொருத்தமான கேள்வி. இவை மாறும்போது ஒன்றிரண்டு முறை பிரிந்து பிறகு ஓய்வு நிலைக்குச் செல்கின்றன. ஒருமுறைகூடப் பிரியாமலே மாறும் செல்களும் அந்தத் தொகுதியில் உள்ளன என்பதையும் கிராஃப் குழு தனியாகக் காட்டியிருக்கிறது. எனவே மாற்றத்துக்குச் செல் பிரிவு கட்டாயமன்று. நீங்கள் குறிப்பிட்ட நீர்த்துப்போகும் வழிக்கு இங்கே நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிடலாம். பி செல் முதலில் பின்னோக்கிச் சென்று மூதாதை செல்லாகி, பிறகு மேக்ரோஃபேஜ் பாதையில் இறங்குகிறது என்று பலர் நினைப்பதுண்டு. 2011-இல் வெளிவந்த ஆய்வு, இந்த மாற்றத்தின்போது அப்படிப்பட்ட வெளிப்படையான பின்னோக்கிய நகர்வு இல்லை என்று காட்டியது. பேக்ஸ்5-ஐ நீக்கும்போது நடப்பது வேறு கதை. 2007-இல் புஸ்லிங்கர் குழு முதிர்ந்த பி செல்லில் அந்த மரபணுவை நீக்கியபோது, செல்கள் முதலில் மூதாதை நிலைக்குத் திரும்பி, அதன் பிறகே டி செல்களாயின. ஒரே பி செல்லுக்கு முன்னால் இரண்டு வகைப் பாதைகள் உள்ளன.

குருதிநோய் மருத்துவர்:

இந்த உரையாடலை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். நோயாளிகளைப் பார்க்கும் எங்களுக்கு இது ஆய்வகப் புதிர் மட்டுமன்று என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பி செல் வகை இரத்தப் புற்றுநோய்க்கு, சிடி19 புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி செல் சிகிச்சை (டி செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோய் செல்களைத் தாக்க வைப்பது) இப்போது சில நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலரிடம் நோய் மைலாய்டு வடிவில் திரும்புகிறது. அதாவது புற்றுநோய் செல் தன் அடையாளத்தையே மாற்றிக்கொண்டு, சிடி19-ஐக் கைவிட்டுவிட்டுத் தப்பிவிடுகிறது. கேஎம்டி2ஏ மரபணு மறுசீரமைப்பு கொண்ட நோயாளிகளிடம் இந்த ஆபத்து குறிப்பாக அறியப்பட்டது. திரும்பி வந்த மைலாய்டு செல்களில் பழைய நோயின் மரபணு அடையாளங்களே இருப்பதைப் பார்க்கும்போது, அது புதிதாக வந்த நோயன்று, பழைய செல்தான் வேடம் மாறியிருக்கிறது என்பது தெளிவாகிறது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்னும் பி செல் புற்றுநோய் உள்ள சிலரிடம் பிறகு தோன்றும் மேக்ரோஃபேஜ் வகைப் புற்றுநோயான ஹிஸ்டியோசைட்டிக் சார்கோமாவிலும், லிம்ஃபோமாவில் இருந்த அதே இம்யூனோகுளோபுலின் மறுசீரமைப்பு காணப்பட்டிருக்கிறது.

மறுபக்கம் நம்பிக்கையும் உண்டு. மனித பி செல் லிம்ஃபோமா, லுக்கேமியா செல் வரிசைகள் சிலவற்றை சிஇபிபி-ஆல்ஃபாவைக் கொண்டு மேக்ரோஃபேஜ்களாக மாற்றியபோது அவற்றின் கட்டி உருவாக்கும் திறன் குறைந்ததை 2013-இல் கிராஃப் குழு காட்டியது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டில், ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்னும் குரோமோசோம் பிறழ்வு கொண்ட நோயாளிகளின் லுக்கேமியா செல்களையே மேக்ரோஃபேஜ் போன்ற செல்களாக மாற்றினார்கள். அவை நோயை உண்டாக்கும் திறனை இழந்தன.

என் கேள்வி இதுதான். மெத்தில் குறிகள் பழையபடியே இருக்கின்றன என்றால், மாறிய செல் ஒருநாள் மீண்டும் பி செல் வடிவுக்குத் திரும்பிவிடும் வாய்ப்பு இருக்கிறதா? சிகிச்சை நோக்கில் எனக்கு இதுவே முதன்மையான கவலை.

கணினி உயிரியல் மாணவர்:

மருத்துவரின் கேள்விக்கு, குரோமாட்டினின் அமைப்பைப் பார்ப்பவன் என்ற முறையில் என் பங்கைச் சொல்கிறேன்.

அடையாளத்தின் நினைவு ப்ரோமோட்டரின் மெத்தில் குறியில் மட்டும் இல்லை. மரபணுவிலிருந்து வெகு தொலைவில் இருந்தபடி அதை ஊக்கும் என்ஹான்சர் பகுதிகளில்தான் செல் வகைக்குரிய வேறுபாடு அதிகம். 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்த மாற்றத்தில் சிஇபிபி-ஆல்ஃபா இரண்டு வகை என்ஹான்சர்களைப் பயன்படுத்துகிறது. முதல் வகையில் முன்-பி செல்லிலேயே பியூ.1 ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. அந்த இடங்கள் பாதி தயாரான நிலையில் உள்ளன. இரண்டாவது வகை மூடிக் கிடப்பவை. அங்கே சிஇபிபி-ஆல்ஃபா முதலில் சென்று இடத்தைத் திறந்துவிட, பியூ.1 பின்னர் வந்து சேருகிறது. இந்த வலைப்பின்னல் ஒருமுறை அமைந்துவிட்டால், காரணிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. செல்லின் சொந்த சிஇபிபி மரபணுக்களும் இயங்கத் தொடங்குவதால் வெளிக்காரணி தேவையற்றதாகிறது. நிலைத்தன்மையைத் தருவது இந்தச் சுழற்சிதான் என்று கருதுகிறேன்.

மனித செல் வரிசையில் 2020-இல் செய்த ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்தும். குரோமோசோமின் மடிப்புகளுக்கு எல்லை வகுக்கும் சிடிசிஎஃப் புரதத்தை அழித்துவிட்டு மாற்றத்தைத் தொடங்கினார்கள். எல்லைகள் பெருமளவு குலைந்தன. ஆயினும் பி செல் மேக்ரோஃபேஜாக மாறியது. ஆனால் அந்த மேக்ரோஃபேஜ், பாக்டீரிய நச்சுக்கு எதிராக விரைவான அழற்சியைக் காட்டும் திறனில் குன்றியிருந்தது. நாம் இன்றியமையாதவை என்று கருதும் அடுக்குகளில் சில, அடையாளத்தைப் பெறுவதற்கு அல்லாமல், பெற்ற அடையாளத்தோடு முழுமையாகச் செயல்படுவதற்கே தேவைப்படுகின்றன.

பள்ளி உயிரியல் ஆசிரியர்:

அப்படியானால் தோலின் செல்லைத் தண்டு செல்லாக்கும் யமனாக்கா முறையில் மட்டும் மெத்தில் நீக்கம் ஏன் கட்டாயமாகிறது? அங்கும் படியெடுத்தல் காரணிகளைத்தானே செலுத்துகிறார்கள்?

மெத்திலேற்ற ஆய்வக உதவியாளர்:

அங்கே கடக்க வேண்டிய தூரம் மிக அதிகம், ஐயா. ஆக்ட்4, நானாக் போன்ற பன்முகத்திறன் (எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறன்) மரபணுக்கள் உடல் செல்களில் மெத்திலேற்றத்தால் அடக்கப்பட்டுள்ளன. அந்தக் குறி நீங்காதவரை செல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. மெத்திலேற்றத்தைக் குறைக்கும் அசாசைட்டிடின் மருந்தைச் சேர்த்தால், அப்படிப் பாதியில் நின்ற செல்களில் பல முழுமை அடைவது 2008-இலேயே தெரிந்தது. சிஇபிபி-ஆல்ஃபாவுக்கு அங்கும் ஒரு பங்கு இருக்கிறது. பி செல்லில் அதை 18 மணி நேரம் மட்டும் இயக்கிவிட்டு, பிறகு யமனாக்காவின் நான்கு காரணிகளைச் செலுத்தினால், மாறும் செல்களின் விகிதம் ஏறத்தாழ நூறு மடங்கு உயர்ந்து, ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும் பன்முகத்திறன் பாதைக்கு வருவதை 2014-இல் காட்டினார்கள். அங்கே டெட்2 பன்முகத்திறன் மரபணுக்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அமர்ந்து ஹைட்ராக்சிமெத்தில் குறியை இடுகிறது. மேக்ரோஃபேஜ் பாதையில் துணைப்பங்கு வகித்த அதே நொதி, நெடுந்தூரப் பாதையில் மையத்துக்கு வந்துவிடுகிறது.

நிகழ்வுகளின் வரிசை பற்றியும் ஒன்று. மனித டென்ட்ரைட்டிக் செல்களைக் காசநோய்க் கிருமி தாக்கும்போது, மரபணுக்கள் முதலில் எழுகின்றன. அந்த இடங்களின் மெத்தில் நீக்கம் பெரும்பாலும் அதன் பிறகே நடக்கிறது. இது 2019-இல் வெளியானது. மெத்தில் நீக்கத்தைக் காரணமாகவே எப்போதும் வாசிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று இதன் அடிப்படையில்தான் வற்புறுத்துகிறேன்.

மருத்துவர் அவர்களின் கேள்விக்கு வருகிறேன். வளர்ப்புக் கலத்தில், வெளிக்காரணியை நீக்கியபின் மாறிய செல்கள் பி செல்களாகத் திரும்பவில்லை. ஆனால் அவை ஆரோக்கியமான சூழலில், சில நாட்கள் பார்க்கப்பட்டவை. மருந்தின் அழுத்தமும், மரபணுத் திடீர் மாற்றங்களும் உள்ள லுக்கேமியா செல்லுக்கு அந்த உறுதியை நான் நீட்ட மாட்டேன். சிகிச்சையாகக் கொண்டுசெல்வதற்கு முன், மாறிய லுக்கேமியா செல்களில் என்ஹான்சர்களின் மெத்திலேற்றத்தை மெத்தில், ஹைட்ராக்சிமெத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆக்சிஜனேற்றப் பைசல்ஃபைட் முறையில், நாள்வாரியாக அளக்க வேண்டும். பேக்ஸ்5-ஐ மீண்டும் செலுத்தினால் அவை எவ்வளவு எளிதாகத் திரும்புகின்றன என்பதையும் அதோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

குருதிநோய் மருத்துவர்:

பேக்ஸ்5-ஐத் திருப்பிச் செலுத்திப் பார்க்கும் சோதனைதான் எனக்குத் தேவையானது. அதை சிடி19 இழந்து திரும்பிய நோயாளிகளின் செல்களிலும் செய்தால், கார்-டி சிகிச்சையை மீண்டும் தரலாமா என்ற கேள்விக்கும் அதுவே விடை தரும். விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி.